தட்டில் ஒன்றும் வளரவில்லை

ஜூன் 3

தம்பிக்கு,

நான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று என் கடை மேஜைமேல் கிடக்கிறது, அதனால் உயிரோடு இருக்கிறாய் என்று தெரிகிறது.

உங்கள் கண் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தின் அறிக்கை அது. உன் அத்தான் பெயர். இடது கண். 'கிருமி வளர்ச்சி இல்லை.' அதற்குக் கீழே நீ.

போன மாதம் பதினாறாம் தேதி அவர் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு வைக்கோல் லாரி போயிருக்கிறது. பக்கத்துக் கண்ணாடி திறந்திருந்தது. ஏதோ குத்தியது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே மீதி நூற்றைம்பது கிலோமீட்டரையும் ஓட்டி, ஆளை இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். இரண்டு நாளில் கருவிழியில் மிளகளவு ஒரு வெள்ளைப் புள்ளி. இங்கே இருக்கிற கண் டாக்டரம்மா புண்ணைச் சுரண்டி உங்களுக்கு அனுப்பினார். நீங்கள் ஒன்றுமில்லை என்று எழுதினீர்கள். அதைப் பார்த்துவிட்டு அவர், "பாக்டீரியா இல்ல, வைக்கோல் வேற பட்டிருக்கு, அப்ப இது பூஞ்சையாத்தான் இருக்கணும்" என்று முதலில் எழுதிய சொட்டு மருந்தை நிறுத்திவிட்டுப் பூஞ்சை மருந்தைத் தொடங்கினார். எட்டு நாள் ஆகிறது. மிளகு இப்போது கருவிழி முழுவதையும் மூடிவிட்டது.

ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டாய். ஒன்றுமில்லாததற்கா ஒரு மனுஷர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்?

எனக்காகக் கேட்கவில்லை. பெயர் போடாமல் புகார் எழுதி என் மருந்துக்கடையை நாற்பது நாள் பூட்ட வைத்தவனிடம் எனக்காக எதையும் கேட்கிற அளவுக்கு நான் இன்னும் இறங்கவில்லை. பஸ் ஓட்டுகிறவருக்குக் கண் போனால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார். நீ கிருமி வளர்க்கிற அந்தத் தட்டை மறுபடி எடுத்துப் பார்.

அவர் வண்டியை இப்போது ஓட்டுகிற மீசை இதைக் கொண்டுவந்து தருவார். பதிலையும் அவரிடமே கொடு.

அக்கா

*

ஜூன் 4

அக்காவுக்கு,

மறுபடி பார்ப்பதற்கு அந்தத் தட்டு இப்போது இல்லை. அறிக்கை போன பிறகு தட்டுகளை அழித்துவிடுவது இங்கே விதி.

நோயாளியின் விவரப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 'இதற்கு முன் கண்ணில் விட்ட மருந்துகள்' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. மாதிரி எடுப்பதற்கு முன்னால் ஏதாவது சொட்டு மருந்து விட்டிருந்தால் கிருமி இருந்தும் தட்டில் வளராமல் போகலாம். மருந்து அதைக் கொன்றிருக்காது. கொஞ்ச நேரம் தலைகுனிய வைத்திருக்கும், அவ்வளவுதான். அதனால் கேட்கிறேன்: என்ன மருந்து விட்டீர்கள், எத்தனை நாள், கடைசியாக எப்போது? மருந்துக்கடை வைத்திருப்பவர் நீங்கள், இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எதுவாக இருந்தாலும் நாளைக் காலை பஸ்ஸில் அவரை இங்கே அழைத்து வந்துவிடுங்கள். அவசரப் பிரிவில் சொல்லி வைத்திருக்கிறேன். மற்ற விஷயங்களைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

தம்பி

*

ஜூன் 5

தம்பிக்கு,

எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? உனக்குச் சட்டை பட்டன் போட்டுவிட்டவள் நான்.

ஒன்றும் விடவில்லை. பத்தொன்பது வருஷமாகக் கடையில் நிற்கிறேன், எனக்கு அவ்வளவுகூடத் தெரியாதா? கட்டம் காலியாக இருந்தால் ஒன்றும் விடவில்லை என்று அர்த்தம்.

வருகிறோம். உன்னைப் பார்க்க இல்லை.

அக்கா

*

ஜூன் 15

அக்கா,

நீ வார்டில் இருந்த ஒன்பது நாளும் நான் அதே கட்டடத்தில் மேல்மாடியில்தான் இருந்தேன். இரண்டு முறை கீழே வந்து கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனேன். இரண்டாவது முறை நீயும் என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு அவர் போர்வையை இழுத்துச் சரி செய்தாய். சரியாகத்தான் இருந்தது அந்தப் போர்வை.

கருவிழியில் ஓட்டை விழுந்த பிறகு கண்ணை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதை டாக்டர்கள் உனக்குச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாததை நான் சொல்கிறேன்.

நீங்கள் வந்த அன்றே எடுத்த மாதிரியில் கிருமி வளர்ந்தது. சூடோமோனாஸ் என்று பெயர், தட்டையே பச்சையாக்கும். தட்டு முழுக்க அதைப் பரப்பி, மேலே ஒன்பது மருந்து வில்லைகளை வைத்தேன். எந்த மருந்துக்குக் கிருமி அடங்குமோ அந்த வில்லையைச் சுற்றி வளராமல் வட்டமாக இடம் விடும். அந்த வட்டத்தை அளவுகோல் வைத்து அளப்பதுதான் என் வேலை. ஏழு வில்லைகளில் அளக்கவே ஒன்றுமில்லை, விளிம்புவரை முட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. இரண்டு மருந்துக்கு மட்டும்தான் அடங்கியது. அது தெரிவதற்குள் கருவிழி உருகிவிட்டது. முதல் தட்டிலேயே தெரிந்திருந்தால் பத்து நாள் முன்னால் அந்த இரண்டில் ஒன்றைத் தொடங்கியிருக்கலாம். புண் அப்போது மிளகளவு என்று நீதானே எழுதினாய்.

இனி பாட்டில் விஷயம். ஆபரேஷனுக்கு முன் சட்டையை மாற்றிய நர்ஸ், அவர் பையிலிருந்து ஒரு சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து என்னிடம் கொடுத்தார். பாதி தீர்ந்திருந்தது. உன் கடைச் சீட்டு ஒட்டியிருந்தது. உன் கையெழுத்தில் 'தூசிக்கு' என்று இருந்தது. அத்தானிடம் கேட்டேன். "ஆறு வருஷமா ஒவ்வொரு நடை முடிஞ்சதும் ரெண்டு சொட்டு. உங்கக்கா பழக்கினது" என்றார். ஏழு வில்லைகளில் முதல் வில்லை அந்த மருந்துதான்.

தூசிக்கு ஆன்டிபயாடிக். தண்ணீரில் கழுவினால் போகிற தூசிக்கு. ஆறு வருஷம் தினம் இரண்டு சொட்டாக அந்தக் கண்ணுக்கு வந்து ஒட்டுகிற கிருமிக்கெல்லாம் மருந்தைப் பழக்கியிருக்கிறாய். கேட்டபோது ஒன்றும் விடவில்லை என்று எழுதினாய்.

ஆமாம், அந்தப் புகாரை எழுதியது நான்தான். உங்கள் பக்கத்திலிருந்து ஒரே மாதத்தில் ஐந்து பேர், ஐந்து பேரும் டாக்டர் சீட்டில்லாமல் உன் கடையில் சொட்டு மருந்து வாங்கியவர்கள், ஐந்து தட்டிலும் இதே கதை. மறுபடி எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

தம்பி

*

ஜூன் 19

தம்பிக்கு,

எழுதுவாய். தாராளமாக எழுது. இந்த முறையாவது பெயரைப் போடு.

ஆமாம், மருந்து விட்டேன். டாக்டரம்மாவிடம் போன அன்று காலையில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை விட்டேன், அலமாரியில் இருந்த மூன்று வகையையும். ஏன் தெரியுமா? கண் பீளை கட்டி ஒட்டிக்கொண்டு பார்க்கவே கண்ணராவியாக இருந்தது. மருந்துக்கடைக்காரி புருஷனை இந்தக் கோலத்திலா கூட்டி வந்தாள் என்று அந்தம்மா நினைக்கக்கூடாதென்று பஞ்சால் துடைத்துத் துடைத்து விட்டேன். வீட்டுக்கு ஆள் வருமுன் பெருக்கி வைப்பதில்லையா, அதைப் போல. போனதும் அந்தம்மா, "பரவால்ல, கண்ண நல்லா சுத்தமா வச்சிருக்கீங்களே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நேரத்தில் எப்படி வாயைத் திறந்து சொல்வேன்? படிவத்தை நிரப்பிய பெண் "ஏதாவது போட்டீங்களா" என்று கேட்டபோது பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அவளும் விட்டுவிட்டாள்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்கிறாயா? நீ கேட்ட தோரணைக்காகத்தான். வேறு யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

'தூசிக்கு' என்று எழுதியது நான். ஆனால் அந்த மருந்து நல்ல மருந்து என்று எனக்குச் சொன்னது யார்? படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் லீவுக்கு வந்து, கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "இத மிஞ்ச ஆள் இல்லக்கா, எந்தக் கிருமியானாலும் அவுட்டு" என்று சொன்னவன் நீ. நீ சொன்னதைத்தான் நான் அலமாரியின் முதல் தட்டில் வைத்தேன்.

அந்த நாளில் வாரத்துக்கு மூன்று தடவை உனக்குப் போன் செய்வேன், நினைவிருக்கிறதா? இந்தச் சீட்டில் இப்படி எழுதியிருக்கிறது, கொடுக்கலாமா, இந்த மருந்துக்குப் பதில் அதைக் கொடுக்கலாமா என்று. நீயும் சலித்துக்கொண்டே சொல்வாய். அந்த ஐந்து பேர் விஷயத்தை அப்படி ஒரு போனில் சொல்லியிருந்தால் என்ன? இரண்டு நாள் உன்னைத் திட்டியிருப்பேன், மூன்றாம் நாள் நிறுத்தியிருப்பேன். நீ மருந்து ஆபீசருக்கு எழுதினாய். கடைக்குச் சீல் வைத்தபோது தெருவே நின்று பார்த்தது. அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. நானே எல்லாம் தெரிந்தவளாகிவிட்டேன்.

லைசென்ஸை அவர் நேற்று டெப்போவில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அவர்கள் கேட்கவில்லை, இவராகவே போய்க் கொடுத்தார். இப்போது கடையில் ஒரு மூலையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். "வைக்கோல்" என்கிறார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுத்தால்கூடத் தேவலை.

ஒன்று கேட்க வேண்டும். வார்டில் இருந்த பெரிய நர்ஸ் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்தக் கட்டம் காலியா வந்தா லேப்ல இருந்து வீட்டுக்குப் போன் பண்ணிக் கேப்பாங்களே, உங்களுக்குப் பண்ணலையா?" படிவத்தில் என் எண் இருந்தது. யாரும் பண்ணவில்லை.

அறிக்கையில் உன் கையெழுத்துதானே இருக்கிறது?

அக்கா

*

ஜூன் 26

அக்கா,

மீசை இரண்டு முறை வந்து பதில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனார். மூன்று தாள் கிழித்தேன்.

விதி இருக்கிறது. கட்டம் காலி என்றால் போன் செய்து கேட்க வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் 'முன்பே மருந்து விட்டிருந்தால் மாதிரியை மறுபடி அனுப்பவும்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் உண்டு, அதைக் குத்தி அனுப்ப வேண்டும். ஸ்டாம்ப் என் மேஜையில்தான் இருக்கிறது.

அத்தான் பெயரைப் பார்த்ததும் யாருடைய கண் என்று தெரிந்துவிட்டது. போனைக் கையில் எடுத்தேன். உன் எண்ணைப் படிவத்தில் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நாலு வருஷம் முன்னால் சீலை எடுத்துக் கடையை மறுபடி திறந்த அன்று நான் கூப்பிட்டபோது, "இனிமே உன் குரல் இந்தக் கடையில கேக்கவே கூடாது" என்று வைத்தாயே, அது நினைவுக்கு வந்தது. சரி, கேட்க வேண்டாம் என்று போனைக் கீழே வைத்தேன். பக்கத்து மேஜைப் பெண்ணிடம் சொல்லி உன்னைக் கூப்பிட வைத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. அதையும் செய்யவில்லை. அக்கா மருந்துக்கடைக்காரி, கட்டம் காலி என்றால் ஒன்றும் விடவில்லை என்றுதான் அர்த்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு நீ எழுதிய அதே வாக்கியம்.

அது பொய். நீ ஏதாவது விட்டிருப்பாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உன்னை எனக்குத் தெரியாதா? சிவந்த கண்ணைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்காருகிற ஆளா நீ? தெரிந்துகொண்டே கேட்கவில்லை. ஸ்டாம்ப் குத்தவில்லை. இவ்வளவு வருஷம் நான் சொன்னது சரி என்று ஒருநாள் நீயே வந்து சொல்ல வேண்டும் என்று எங்கேயோ ஒரு மூலையில் ஆசைப்பட்டிருப்பேன். அதற்கு அத்தான் கண்ணா கிடைத்தது என்று கேட்காதே. தினமும் நானே கேட்டுக்கொள்கிறேன்.

அன்று காலை நீ விட்ட மூன்றில், கிருமி அடங்குகிற இரண்டில் ஒன்றும் இருந்திருக்கும்; தட்டில் ஒன்றும் வளரவில்லை என்பது உண்மைதான். உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுதான் இதில் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

எங்கள் தலைமை டாக்டரிடம் திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கத்தவில்லை. "இனிமே நீங்க தர்ற ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் இன்னொருத்தர் பாத்துக் கையெழுத்துப் போடட்டும்" என்றார். போன வருஷம் நான் வேலை கற்றுக்கொடுத்த பெண் இப்போது என் தட்டுகளைச் சரிபார்க்கிறாள். ஒவ்வொரு முறையும் "சாரி சார்" என்று சொல்லிவிட்டுப் பார்க்கிறாள்.

அத்தானிடம் நீயே சொல்லிவிடு. என்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தம்பி

*

ஜூலை 2

தம்பிக்கு,

நான் சொல்ல மாட்டேன். உன் வேலையை என் தலையில் கட்டாதே. நேரில் சொல். சந்தர்ப்பம் இன்றே வருகிறது, கடைசிவரை படி.

நீ போன் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் எண்ணை நான் அடைத்து வைத்திருக்கிறேன், ஆனால் மருத்துவமனை எண்ணிலிருந்து வந்திருந்தால் எடுத்திருப்பேன். எடுத்து, "ஒண்ணும் விடலயே" என்று சொல்லியிருப்பேன். குரலில் ஒரு நடுக்கம் இருந்திருக்காது. இது எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியும். அதனால் உன்னை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் பொய் சொல்லியிருப்பேன் என்பது என் கணக்கு. நீ கேட்கவே இல்லை என்பது உன் கணக்கு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்க முடியாது.

அலமாரியின் முதல் தட்டைக் காலி செய்துவிட்டேன். சீட்டில்லாமல் சொட்டு மருந்து கேட்கிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். "என்னம்மா, புதுசா ரூல்ஸ் பேசுற" என்று சிரித்துவிட்டு அடுத்த தெருக் கடையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். நல்லவளாகிவிட்டேன் என்று உனக்குச் சொல்லவில்லை. பயந்துபோயிருக்கிறேன், அவ்வளவுதான்.

விஷயம் இது. அவருடைய வலது கண் சிவந்திருக்கிறது.

இன்று காலை டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். கையை நீட்டி டம்ளருக்கு இரண்டு விரல்கடை தள்ளித் தடவினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றார். நானே கழற்றினேன். சிவப்பு, தண்ணீர், இமை வீங்கியிருக்கிறது. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு முந்தாநாளிலிருந்து என்றார். எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், தம்பி. அலமாரிக்கும் அவருக்கும் நடுவில் நான் நிற்கிறேன், நாள் முழுக்க. இரண்டு நாள் வலியோடு என்னிடம் மறைத்திருக்கிறார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ உடனே பாட்டிலத் தேடுவ. அதான் சொல்லல. மீசைகிட்டச் சொல்லி டிக்கெட் போட்டுட்டேன். உன் தம்பிகிட்டக் காட்டிட்டு வந்துடறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. டெப்போவில் நடை மாற்றிக்கொள்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் வேண்டாம் என்று சொல்லி, நான் கேட்டுக்கொண்டது இதுதான் முதல் தடவை.

உன் படிவத்தில் எழுதிக்கொள்: இந்தக் கண்ணில் இந்த இரண்டு நாளும் ஒரு சொட்டும் விழவில்லை. நான் விடவில்லை, அவரும் விடவில்லை. அதற்கு முன்னால் ஆறு வருஷம் தினம் இரண்டு சொட்டு, கடைசியாக மே பதினாறு. மருந்தின் பெயர் உனக்குத் தெரியும். நான் சொல்வதை நம்ப வேண்டாம், அவரையே தனியாகக் கேள். சந்தேகம் இருந்தால் கடைக்குப் போன் செய். எடுப்பேன்.

மீசை அவரைக் கைபிடித்து இறக்கி, பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு இதை உன்னிடம் கொண்டுவந்து தருவார். நீ மாடியில் நின்றுகொண்டு பார்க்காதே. பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கூட்டிப் போ. அவருக்கு ஒரு கண்ணும் தெரியாத நாள் இது.

பையில் துண்டு, இரண்டு சட்டை, ஒரு போர்வை, பழைய அறிக்கைகள் எல்லாம் அடுக்கி வாசலில் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். சட்டைப் பைகளில் விரலை விட்டுப் பார்த்தார். துண்டை உதறினார். போர்வையை மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் தடவினார். நான் பக்கத்திலேயே நின்றேன். பாட்டில் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அக்கா